ஃபில்டரைப் பளபளவென்று கழுவிய ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லாமல் போனதுதான் வினை. 100 லிட்டர் மீன் தொட்டி. வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எட்டு பிளாட்டி, ஆறு கோரிடோரஸ், ஒரு ஜோடி குராமி. எல்லாம் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. ஃபில்டரில் மட்டும் தண்ணீர் விழும் வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. திறந்து பார்த்தால் ஸ்பாஞ்ச் முழுக்கப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம். செராமிக் வளையங்களைத் தொட்டால் பாசி படிந்த கல்லைத் தொட்ட மாதிரி விரல் வழுக்கியது. இத்தனை அழுக்கை வைத்துக்கொண்டா தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பிழியும் தண்ணீர் தெளியும்வரை பிழிந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. வளையங்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெயிலில் காய வைத்தேன். நடுவில் இருந்த பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வைத்தேன். அடித்தளக் கல்லையும் விடவில்லை, வாளியில் அள்ளிப் போட்டு அலசினேன். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்ச் போட்டதும் தண்ணீர் அருவி மாதிரிக் கொட்டியது. தொட்டி கண்ணாடி போல் இருந்தது. அன்று ராத்திரி அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் ரசித்தேன்.

செவ்வாய்க்கிழமை மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க, எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுது."

போய்ப் பார்த்தேன். பிளாட்டிகள் வரிசையாகத் தண்ணீர் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தன. எப்போதும் அடியில் மோப்பம் பிடித்துத் திரியும் கோரிடோரஸ்கூட மேலே ஓடி ஓடி வந்து இறங்கியது. தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி கலங்கியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் அழுக்கு போகவில்லை என்று நினைத்து, ஃபில்டரை இன்னொரு தடவை கழுவினேன்.

வியாழக்கிழமை காலையில் குராமிகளில் ஒன்று செடிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அதற்கு அப்புறம்தான், பல வருடமாக மீன் வளர்க்கும் அண்ணன் ஒருவருக்கு ஃபோன் போட்டேன். நான் மீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"தம்பி, ஃபில்டரைக் கழுவினியா?"

"ஆமாண்ணே, நல்லா கழுவினேன்."

"எதுல கழுவின?"

"குழாய்த் தண்ணியில. வளையத்தைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தேன்."

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "அழுக்குன்னு நினைச்சு நீ கழுவி விட்டியே, அதுதான் தம்பி ஃபில்டர். மிச்சமெல்லாம் வெறும் டப்பா."

அன்று சாயங்காலமே அமோனியா டெஸ்ட் கிட் வாங்கினேன். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று ஐந்து மாதமாக வாங்காமல் இருந்தவன் நான். சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, புட்டியில் போட்டிருந்தபடி சொட்டுகளை எண்ணி விட்டு, மூடிக் குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது இலைப் பச்சைக்குத் திரும்பியது. அட்டையில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் 2-க்கும் நடுவில். இருக்க வேண்டியது பூஜ்யம்.

நடந்தது இதுதான். மீன் தன் உடம்பில் சேரும் அமோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே தண்ணீரில் விட்டுவிடுகிறது. மிச்சமான தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. இந்த அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பெரிதாகத் தொல்லை தராது, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பவை அல்ல. பெரும்பாலும் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசைபோல் ஒரு படலம் கட்டிக்கொண்டு வாழ்பவை. என் விரலில் வழுக்கியது அந்தப் படலம்தான். வீட்டைக் கொதிநீர் ஊற்றி இடித்துவிட்டு, குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடியிருக்கிறேன்.

போனால் போகிறது, பாக்டீரியாதானே, நாளைக்கே பெருகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் சிக்கல். நம் குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். அமோனியாவைத் தின்று வாழும் இவற்றுக்கு நல்ல சூழலிலேயே அரை நாள், ஒரு நாள் என்று ஆகும். கரிமப் பொருளைத் தின்னாமல், அமோனியாவிலிருந்து கிடைக்கும் சொற்ப சக்தியில் கரியமில வாயுவைப் பிடித்து உடம்பு கட்டுகிற பிழைப்பு, மெதுவாகத்தான் நடக்கும். ஆய்வுக்கூடத்திலும் ஆரம்ப காலத்தில் இவற்றைத் தனியாகப் பிரிக்க முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள். சத்தான உணவு ஊடகத்தில் வளர்க்கப் பார்த்தால் வராது. கரிமச் சத்தே இல்லாத ஊடகம் ஒன்றைத் தயாரித்து 1890-இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வழி கண்டார். செவ்வாய்க்கிழமை என் தொட்டி பால் மாதிரி கலங்கியதே, அது வேறு கூட்டம். அழுகல் தின்னும், வேகமாகப் பெருகும் ரகம். அமோனியாவை அது ஒழித்துக்கட்டாது, போதாக்குறைக்குத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் தொட்டிதான் பேச்சு. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன், குளோரின் நீக்கி போட்டு, அதே சூட்டில். தீனியை இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு சிட்டிகை என்று குறைத்தேன். மீனைப் பட்டினி போடுகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். நன்றாக வளர்ந்த மீனுக்கு இரண்டு நாள் பட்டினி ஒன்றுமே இல்லை, அமோனியாதான் கொல்லும். அந்த அண்ணன் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரத்தோடு கொடுத்துவிட்டார். அதை என் ஃபில்டருக்குள் திணித்து வைத்ததுதான் பெரிய உதவி. பத்து நாளில் அமோனியா இறங்கியது. சந்தோஷப்பட்டேன். உடனே நைட்ரைட் ஏறியது. வான நீலமாக இருக்க வேண்டிய நைட்ரைட் சோதனைக் குழாய் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது.

நைட்ரைட் இன்னொரு மாதிரி ஆபத்து. அது செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலைக்கு ஆகாதபடி மாற்றிவிடும். ரத்தமே பழுப்பாகிவிடும். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் பழுப்படித்துத் தெரியும். தொட்டியில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டும். இதற்கு உப்பு உதவும். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டுக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்கிறது. நான் 10 லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில், அயோடின் கலக்காத உப்பைக் கரைத்து ஊற்றினேன். கோரிடோரஸ் அந்தக் கொஞ்ச உப்பைத் தாங்கிக்கொண்டது. நாலாவது வாரக் கடைசியில் இரண்டு குழாயும் பூஜ்யம் காட்டின. மொத்தத்தில் ஒரு குராமியும் மூன்று பிளாட்டியும் போய்விட்டன.

இப்போது நான் ஃபில்டர் கழுவுவதை யாராவது பார்த்தால் சோம்பேறி என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை அதில் முக்கி மூன்று நான்கு தடவை அமுக்கி எடுக்கிறேன். தெளியும்வரை அல்ல. கையில் கனம் குறைந்து, தண்ணீர் உள்ளே ஓட வழி கிடைத்தால் போதும். வளையங்களைக் கூடையோடு அதே தண்ணீரில் ஒரு முறை ஆட்டிவிட்டு வைத்துவிடுவேன், தேய்ப்பதெல்லாம் கிடையாது. அதுகூடத் தேதி பார்த்து அல்ல, வேகம் குறைந்தால்தான். ரொம்ப நாள் கழுவாமலே விடுவதும் தப்பு. சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் போகாது. ஸ்பாஞ்ச் நைந்து போனால் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற பாதிக்கு ஒன்றரை மாதமாவது கொடுக்கிறேன். மாதம் ஒரு முறை மாற்றுங்கள் என்று சில ஃபில்டர் பெட்டிகளில் போட்டிருப்பார்களே, அதை நான் ஒருபோதும் கேட்பதில்லை. ஃபில்டரைத் தொட்ட நாளில் கல்லைக் கிளறுவதில்லை, கண்ணாடியைச் சுரண்டுவதில்லை. அவற்றிலும் இதே கூட்டம் கொஞ்சம் குடியிருக்கிறது, ஒன்று அடிபட்டால் மற்றது தாங்கட்டும்.

தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் இவற்றுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, ஒட்டிக்கொண்டிருப்பவை ஆயிற்றே. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரின்தான் எதிரி. முதல் நாள் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது சரிதான். ஆனால் பல ஊர்களில் குளோரினுக்குப் பதில், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலக்கிறார்கள். அது ஒரு நாள் வைத்திருந்தால் போகாது. அதற்கு நீக்கி மருந்து போட்டே ஆக வேண்டும். சாதாரண சோடியம் தயோசல்பேட் அதன் குளோரினை மட்டும் உடைக்கும், கூட இருந்த அமோனியா தண்ணீரில் நின்றுவிடும். அதையும் சேர்த்துக் கட்டிப்போடும் மருந்துகள் இருக்கின்றன, லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

இரண்டாவது பாடம் மின்சாரம் தந்தது. அதற்குள் பெரிய தொட்டிக்குக் கேனிஸ்டர் ஃபில்டர் போட்டிருந்தேன்; சின்னத் தொட்டியில் ஏர் பம்ப்பில் ஓடும் வெறும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரு நாள் இரவு கரண்ட் போனது, காலை வரை வரவில்லை. மொத்தம் ஒன்பது மணி நேரம். மீன்கள் தெம்பாகத்தான் இருந்தன. கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் தானாக ஓட ஆரம்பித்தது, நான் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அறையில் அழுகிய முட்டை நாற்றம். மீன்கள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன.

இந்த நுண்ணுயிர்கள் பயங்கரமாக மூச்சு வாங்குபவை. 1 கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டர் என்பது மூடி இறுக்கிய டப்பா. தண்ணீர் ஓடும்வரைதான் உள்ளே ஆக்சிஜன். ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் அவையும், சேற்றைத் தின்னும் மற்றவையும் சேர்ந்து தீர்த்துவிடும். அதற்கு அப்புறம் ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்கும் ரகங்கள் தலைதூக்கி, ஹைட்ரஜன் சல்பைடு மாதிரியான விஷங்களை உண்டாக்கும். கரண்ட் வந்ததும் அந்த மொத்தத் தண்ணீரும் நேரே மீன்மேல் கொட்டியது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, பாதித் தண்ணீர் மாற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டேன். நல்லவேளை, அன்று எதுவும் சாகவில்லை. பக்கத்துச் சின்னத் தொட்டியில் ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் நின்றதால் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுநாள் சோதித்தேன், பூஜ்யம்தான்.

அதிலிருந்து கரண்ட் போய் ஒரு மணி நேரம் தாண்டினால் கேனிஸ்டரைத் திறந்துவிடுகிறேன். கூடைகளைத் தூக்கி அப்படியே தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டியது, அல்லது அகலமான தட்டில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் ஊற்றி, வளையங்கள் பாதி காற்றில் தெரியும்படி பரப்பி வைக்க வேண்டியது. காய மட்டும் விடக்கூடாது. நடுநடுவே ஒரு குவளை தண்ணீர் மேலே ஊற்றினால் போதும். ஈரமும் காற்றும் இருந்தால் இவை நாள் கணக்கில் தாங்கும். பசியைப் பொறுத்துக்கொள்ளும், மூச்சு முட்டலைப் பொறுக்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் தீனி போடுவதில்லை. கேனிஸ்டரில் தேங்கிய பழைய தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் ஒரு அலசு அலசி மாட்டிய பிறகே ஸ்விட்ச். வீடு மாற்றியபோதும் இதே முறைதான்: ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தண்ணீரில் மூழ்க வைக்காமல், ஈரமாக, மூடி இறுக்காத டப்பாவில் எடுத்துப் போனேன்.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஃபில்டரை யாரும் தொடவில்லை, கரண்ட் போகவில்லை, மருந்து போடவில்லை. ஆனால் அமோனியா குழாய் லேசாகப் பச்சை காட்டியது. ஒரு வாரம் கழித்து இன்னும் பச்சை. மீன்களோ எதுவும் நடக்காத மாதிரி இருந்தன. பி.எச். (இது குறைந்தால் தண்ணீரில் அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) பார்த்தால் 6. அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் கார்பனேட் கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம். ஆரம்பத்தில் அதே தொட்டி 7.8-இல் நின்றது.

காரணம் நான்தான். கண்ணாடியில் வெள்ளைக் கறை படிகிறது என்று ஆறேழு மாதமாக ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் கார்பனேட் அனேகமாக இருக்காது. அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது; தண்ணீரில் உள்ள பைகார்பனேட்தான் அதை வாங்கிக்கொள்கிறது. 1 கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், 7 கிராம் காரத்தன்மை கரைந்துபோகும். சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம், திரும்பப் போடுவதில்லை. ஒரு நாள் கணக்கு காலியாகி பி.எச். சரிந்தது. 6.5-க்குக் கீழே போனால் இந்த நுண்ணுயிர்கள் மந்தமாகும், 6-ஐ நெருங்கினால் வேலையே நின்ற மாதிரிதான்.

உடனே வாளியைத் தூக்கினேன், முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று. அதற்கு முன்னால் அண்ணனைக் கேட்டது மீன்கள் செய்த புண்ணியம். "அவசரப்படாதே தம்பி, கொன்னுடுவ" என்றார். அமோனியா இரண்டு வேஷத்தில் இருக்கும். பி.எச். குறைந்த தண்ணீரில் ஏறக்குறைய முழுவதும் அமோனியம் அயனியாக, மீனை அதிகம் பாதிக்காமல் கிடக்கும். பி.எச். ஏற ஏற, விஷமான அமோனியாவாக மாறும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூறில் அரை பங்குதான் அந்த விஷ வடிவம். 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். நான் கடினமான குழாய்த் தண்ணீரை மொத்தமாக ஊற்றியிருந்தால், சும்மா கிடந்ததில் ஒரு பங்கை ஒரே நிமிடத்தில் விஷமாக்கியிருப்பேன். அதனால் தினம் பத்துப் பதினைந்து சதவீதம் என்று இரண்டு வாரம் மாற்றினேன். பி.எச். மெல்ல 7-ஐத் தாண்டியது. ஃபில்டரும் விழித்துக்கொண்டது. அந்த நுண்ணுயிர்கள் செத்துப் போகவில்லை, வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். இப்போது ஆர்.ஓ. பாதி, குழாய்த் தண்ணீர் பாதி. கறை படிந்தால் படியட்டும்.

மருந்து விஷயத்தில் நான் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், முன்பே யாரோ எச்சரித்திருந்தார்கள். மெத்திலின் புளூ, சில ஆண்டிபயாடிக்குகள் எல்லாம் இந்த நுண்ணுயிர்களையும் சேர்த்து அடிக்கும். நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுக்கிறேன். அதற்காகவே பெரிய தொட்டியின் மூலையில் ஒரு உபரி ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புது மீன் வந்தாலும், தனித் தொட்டி தேவைப்பட்டாலும் அதை எடுத்துப் போட்டால் முதல் நாளே வேலை செய்யும். மருந்துத் தொட்டியில் இருந்த ஸ்பாஞ்ச் மட்டும் திரும்பி வராது.

புட்டியில் விற்கும் பாக்டீரியா பற்றிப் பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சேறு தின்னும் பேசில்லஸ் வகை வித்துகளை அடைத்த புட்டி அமோனியாவைத் தொடாது. அமோனியாவைத் தின்னும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டைத் தின்னும் நைட்ரோஸ்பைரா உண்மையாகவே உள்ள புட்டிகள் வேலை செய்வதுண்டு. சூட்டில் கிடக்காமல், தேதி தாண்டாமல் இருந்தால். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டிய ஆய்வு 1998-இல்தான் வந்தது. 2015-இல் இன்னும் வேடிக்கை: இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவை இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒன்று கிடைத்த இடம், மீன் வளர்க்கும் ஓர் அமைப்பின் ஃபில்டர். ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு பிடி பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் நான் எந்தப் புட்டியையும் தேட மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, அந்தத் தொட்டியில் நோய் இருக்கக்கூடாது. பாக்டீரியாவோடு அதுவும் வந்துவிடும்.

போன வாரம் வேறொரு தம்பி புதுத் தொட்டி வைத்தான். என் உபரி ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, ஈரத்தோடு ஒரு டப்பாவில் போட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, இது என்னண்ணே இவ்ளோ அழுக்கா இருக்கு? கழுவிட்டுப் போடட்டுமா?"



டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவன் வீட்டுக்குப் போய் நானே என் கையால் அவன் ஃபில்டருக்குள் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.